பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை, அப்படி அர்த்தம் இல்லை. விருந்தில் ஜூஸ் குடித்த பிறகு விடியும்வரை உங்கள் தங்கைக்கு எதுவும் நினைவில்லை, அதில் ஏதாவது கலந்து கொடுத்துப் பாலியல் வன்முறை நடந்திருக்குமோ என்று பயந்து இரண்டாம் நாள் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் தாமதம்தான் காரணமாக இருக்கும். ஜிஎச்பி (பானத்தில் கலந்து கொடுக்கப்படும் ஒரு மயக்க மருந்து) போன்ற மருந்து சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். வழக்கமான போதைப் பரிசோதனை அதையோ கெட்டமைன் என்ற இன்னொரு மயக்க மருந்தையோ பெரும்பாலும் தேடுவதே இல்லை. இப்படிப்பட்ட சம்பவங்களில் அதிகம் காணப்படுவது மதுதான். அதுவும் சீக்கிரம் மறைந்துவிடும்.

அறிக்கையில் எந்தெந்தப் பொருட்களைத் தேடினார்கள் என்று பாருங்கள். குற்ற விசாரணைக்காகச் செய்யும் விரிவான தடயவியல் பரிசோதனை கேளுங்கள். சில மருந்துகள் 120 மணி நேரம்வரைகூடத் தெரியலாம். அன்று அவள் போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

ஆனால் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஒருவேளை பாலியல் வன்முறை நடந்திருந்தால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசர கருத்தடைக்கு அதிகபட்சம் 120 மணி நேரம். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நினைவு இல்லை என்பது மட்டுமே வன்முறைக்குச் சான்று ஆகாது, அதனால் நீங்களாக எதையும் முடிவு கட்ட வேண்டாம். அப்புறம், தங்கைக்கு 16 வயதுதான் என்பதால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். கிளம்பும் முன்பே அவளிடம் அதைச் சொல்லிவிடுங்கள். "ஏன் அங்கே போனாய்" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வயதில் ஒரு முறை அப்படிக் கேட்டாலே வாயை மூடிக்கொள்ளலாம், சிகிச்சையும் தள்ளிப்போகலாம்.