ஃபோட்டோக்களை எந்த ஃபோல்டரில் போடுவது? கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு ஒரு ஃபோல்டர், மகளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். எல்லாரும் ஒரே படத்தில் இருந்தால் எங்கே போடுவது சார்?

பதில்: ஆள் பெயரில் ஃபோல்டர் போட்டால் இந்தத் தொல்லை தீராது. படத்தில் பத்துப் பேர் இருக்கலாம், ஆனால் எடுத்த நாள் ஒன்றுதான். அதனால் மேலே வருடம், அதற்குள் விசேஷம்: '2019-01-15 பொங்கல் தென்காசி', '2019-05-26 சித்தப்பா மகள் கல்யாணம்'. வருடம், மாதம், நாள் என்று எழுதினால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடும். நம் வழக்கப்படி 15-01-2019 என்று ஆரம்பித்தால் எல்லா மாதத்துப் பதினைந்தாம் தேதிகளும் ஒரே இடத்தில் குவியும். யார் யார் இருக்கிறார்கள் என்பதை டேக் (படத்தோடு சேர்த்து வைக்கும் பெயர்க்குறிப்பு) போட்டுக்கொள்ளுங்கள். டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் முகங்களைக்கூடத் தேடித் தரும்.

கேள்வி: விசேஷம் எதுவும் இல்லாத படங்கள்?

பதில்: மாதத்துக்கு ஒரு 'சில்லறை' ஃபோல்டர் போதும். கரண்ட் பில், ஆதார் எல்லாம் அதில் வேண்டாம், தனியாக வையுங்கள்.

கேள்வி: அண்ணா, வாட்ஸ்அப்பில் வந்த தாத்தா படம் 2020-இல் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் காலமானது 1991-இல்!

பதில்: படத்துக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த தேதி பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு இந்தத் தகவலும் போய்விடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் வாட்ஸ்அப்பில் வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்ட்டாக அனுப்புங்க' என்று சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும்.

தாத்தா படம் அச்சுப் படத்திலிருந்து வந்ததுதானே? அச்சு கையில் கிடைத்தால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரை, பேனாவில் எழுதிய ஒரு வரி, சில சமயம் தேதியே அங்கே இருக்கும். எதுவும் இல்லையா? பெரியத்தையிடம் காட்டுங்கள். மடியில் இருக்கும் குழந்தை யார் என்று அவர் சொல்லிவிட்டால், குழந்தையின் வயதை வைத்து வருடத்தைப் பிடித்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் '1970-கள்' என்று ஒரு ஃபோல்டர். ஸ்கேன் செய்த கோப்பிலும் ஸ்கேன் தேதிதான் இருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் கூகுள் ஃபோட்டோஸில் இருக்கிறதே, ஃபோல்டர் எதற்கு?

பதில்: தேடுவதற்கு அது அருமை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றும் படங்கள் ஜிமெயிலோடு பங்குபோடும் அந்த 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகின்றன. இன்னொன்று, பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் ஃபோனிலும் கிளவுடிலும் சேர்ந்தே போகும். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இருக்கட்டும்.

கேள்வி: நாற்பதாயிரம் படங்கள் குவிந்து கிடக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: இந்த மாதத்துப் படங்களிலிருந்து. பழையதைத் தொடும் முன் மொத்தத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள், அப்புறம் எக்ஸிஃப் தேதிப்படி வருடவாரியாகப் பிரித்துவிடுங்கள். விசேஷவாரியாகப் பிரிப்பது மெதுவாக நடக்கட்டும். பழைய கேமரா படங்களைச் சேர்க்கும்போது 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்டால் சரி என்று அழுத்திவிடாதீர்கள். பல கேமராக்களில் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001 என்று ஆரம்பிக்கும். பெயர் ஒன்று, படம் வேறு. இரண்டையும் வைத்துக்கொள் என்பதையே தேர்ந்தெடுங்கள்.