ஊறப்போடாமல் ஊறுமா?

அன்புள்ள ஐயா,

ஒரு நாவல் இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது. ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. உட்கார்ந்தால் மேசையை அடுக்குகிறேன், போனை எடுக்கிறேன். ஆழ்மனம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நம்புகிறேன். கணித மேதை புவான்காரேவுக்கு வண்டிப் படியில் கால்வைத்தபோது விடை வந்ததாமே! எனக்கு இருப்பது சோம்பலா, உள்ளே ஊறுகிறதா? எழுதக் காலை நல்லதா, இரவா?

கே.

அன்புள்ள கே.,

காலையோ இரவோ, விழித்திருக்கும்போது எழுதுங்கள்.

அந்த வண்டிப் படியை இன்னொருவர் காட்டினால் திட்டிவிடுவது என்றிருந்தேன். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். புவான்காரே 1908இல் சொன்ன கதை அது. படிக்கு முந்தைய பகுதியை ஏன் எல்லோரும் விழுங்கிவிடுகிறீர்கள்? ஒருவகைக் கணிதச் சார்புகள் (functions) இருக்கவே முடியாது என்று நிரூபிக்க 15 நாள் தினமும் மேசைமுன் உட்கார்ந்து தோற்றிருக்கிறார். பிறகு ஓர் இரவு காப்பி குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டபோது, அவை இருக்கின்றன என்று தெரிகிறது. மறுநாள் உட்கார்ந்து எழுதுகிறார். அதற்கெல்லாம் பிறகுதான் கூத்தான்ஸ் ஊரில் அந்தப் படி. அங்கே தோன்றியதையும் ஊர் திரும்பிச் சரிபார்த்தார். முன்னும் பின்னும் விழிப்புடன் உழைத்தால்தான் ஆழ்மன உழைப்பு பலிக்கும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் படைப்புக்கு நான்கு கட்டங்கள் சொன்னார். ஊறுவது அதில் இரண்டாவது. முதலாவது தயாரிப்பு.

ஊறப்போட உங்கள் பாத்திரத்தில் என்ன இருக்கிறது? நாவல் யாரைப் பற்றியது என்றுகூடக் கடிதத்தில் இல்லையே!

என் கதையொன்றில் ஒரு கிழவர், மகளின் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பார். ஏன் என்று எனக்கே தெரியாது. கோபம், பயம், மறதி என்று ஒவ்வொரு காரணமாக எழுதி எழுதி அடித்தேன். அலுத்துப்போய்த் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரிந்தது: அவருக்குப் படிக்கத் தெரியாது. வரும் கடிதங்களையெல்லாம் அவருக்குப் படித்துக்காட்டியவள் அந்த மகள்தான். அடித்த பக்கங்கள் எதிலும் அது இல்லை. அவற்றை எழுதாதிருந்தால் அந்தக் கேள்வி என்னை அப்படி அரித்திருக்காது.

சோம்பேறி என்று உங்களைச் சொல்லமாட்டேன். சோம்பேறி படுத்துக்கொள்வான், மேசையை அடுக்கமாட்டான். நீங்கள் பயந்திருக்கிறீர்கள், பாவம். மனதில் இருக்கும்வரை நாவலுக்கு ஒரு குறையும் இல்லை. தாளில் இறங்கினால் முதலில் அசடாகத்தான் நிற்கும். எனக்கும் அப்படித்தான்.

அடுத்த கடிதத்தில் கதைச்சுருக்கம் வேண்டாம். எந்த இடத்தில் சிக்கி நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதுவரைக்குமான பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.