சீ ஹரியர்: விழுந்தவை ஆறு, எதிரி விழுத்தியவை இரண்டு

கிளிநொச்சியிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்கிறார்: "பாடசாலை ஒப்படைக்காக சீ ஹரியர் கடற்படைப் போர் விமானத்தைப் பற்றி எழுதுகிறேன். வான்சமரில் ஒன்றுகூட விழவில்லை என்று ஓரிடத்தில் இருக்கிறது. இந்தியா வாங்கியதில் பாதிக்கு மேல் விழுந்து போனது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதை எழுதுவது?"

இரண்டையும் எழுதுங்கள், தங்கச்சி. இரண்டும் சரிதான். வன்னியில் ஜெட் சத்தம் கேட்டாலே "கிபிர்" (இலங்கை விமானப்படையின் குண்டு போடும் ஜெட்) என்று பங்கருக்குள் ஓடிய தலைமுறை நாங்கள். போர் விமானம் என்றால் மேலிருந்து குண்டு போடுவது என்றுதான் எங்கள் மனதில் பதிந்திருக்கிறது. அது தானாகவே விழும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

1982இல் போக்லண்ட் தீவுகளுக்காகப் பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் மோதிய போரை எடுங்கள். பிரித்தானியா 28 சீ ஹரியர்களை அனுப்பியது. ஆறு போயின. அதில் எதிரி சுட்டு விழுத்தியவை இரண்டே இரண்டு; அந்தத் தீவிலுள்ள கூஸ் கிரீனில் ஒன்றைத் தரையிலிருந்த பீரங்கி விழுத்தியது, இன்னொன்றைத் தரையிலிருந்து ஏவிய ரோலண்ட் ஏவுகணை. மிச்சம் நான்கும் விபத்து. மோசமான வானிலையில் இரண்டு சேர்ந்தே காணாமல் போயின. ஒன்று கப்பலிலிருந்து கிளம்பியதும் கடலில் விழுந்தது. இன்னொன்று, கப்பல் திரும்பும்போது சரிந்த ஈரத்தளத்தில் வழுக்கிக் கடலுக்குள் போனது. சில பட்டியல்களில் 10 என்று வரும். அது, அதே போரில் பிரித்தானிய விமானப்படை இழந்த இன்னொரு ஹரியர் வகை, ஜீஆர் 3, நான்கையும் சேர்த்த கணக்கு. உங்கள் ஒப்படையில் கலந்துவிடாதீர்கள்.

இந்தியக் கடற்படை 1983 முதல் 2016 வரை இதை ஓட்டியது. ஏறக்குறைய 30 வாங்கி, பாதிக்கு மேல் விபத்தில் இழந்தது. எதிரி விழுத்தியது ஒன்றும் இல்லை.

ஏன் இவ்வளவு விபத்து? இந்த விமானம் அந்தரத்தில் நின்று நேராகக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் இறக்கை தூக்கிப் பிடிக்காது. ஒரே இயந்திரம், அதன் நான்கு குழாய்கள் கீழ்நோக்கி ஊதும் வேகம், அவ்வளவுதான் தாங்குகிறது. இயந்திரம் தடுமாறினால் விமானிக்குக் கிடைப்பது ஓரிரு விநாடி.

அப்புறம், எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஏ9 வீதியில் தினமும் ஓடும் பஸ்ஸையும் கொட்டிலில் நிற்கும் ட்ராக்டரையும் விபத்துக் கணக்கில் ஒன்றாக வைக்க முடியுமா? 33 வருட விபத்துகளையும் சில வாரப் போரையும் அப்படியே பக்கத்தில் வைப்பதும் அதே பிழைதான். அமெரிக்கக் கடற்படை ஒரு லட்சம் பறப்பு மணிக்கு எத்தனை பெரிய விபத்து என்று கணக்கிடுகிறது. பறப்பு மணி கிடைத்தால் அப்படிச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் எத்தனை வருடம், எத்தனை விமானம் என்றாவது பக்கத்தில் போடுங்கள்.

அட்டவணையில் எதிரியால் விழுந்தது, விபத்தில் விழுந்தது என்று தனித்தனி நிரல் வையுங்கள். விமானிகளுக்கும் ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். 1982இல் போன அந்த ஆறு விமானங்களின் விமானிகளில் நால்வர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவர், ரோலண்ட் அடித்த விமானத்திலிருந்து குதித்தவர், சிறிய ரப்பர் மிதவையில் சுமார் 9 மணி நேரம் குளிர்கடலில் கிடந்த பிறகுதான் ஹெலிகொப்டர் வந்து தூக்கியது.