லாரல் கேன்யன் ராக் ஆவணப்படங்கள்: எதில் தொடங்குவது, எதைக் கடைசியில் வைப்பது?

60களில் லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில் இருக்கும் லாரல் கேன்யனில் குடியிருந்த ராக் குழுக்களைப் பற்றி நாலைந்து ஆவணப்படங்கள் இருக்கின்றனவே, எந்த வரிசையில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது ‘எக்கோ இன் தி கேன்யன்’. அதைக் கடைசியில் வையுங்கள். பாப் டிலனின் மகன் ஜேக்கப் டிலன் 2015-ல் நடத்திய ஒரு கச்சேரியைச் சுற்றிக் கட்டிய படம் அது. பழைய பாட்டுகளைப் புதிய ஆட்கள் பாடுவது நிறைய வரும். புதிதாகப் பார்ப்பவருக்கு மூலப் பாட்டு எப்படி இருந்தது என்பதே பிடிபடாது. கதையும் 1965-67 காலத்தோடு நின்றுவிடுகிறது. லாரல் கேன்யன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் பாடகி ஜோனி மிட்செலுக்கு அதில் இடமே இல்லை. ராக் பாடகர் டாம் பெட்டி இறப்பதற்குச் சற்று முன் கொடுத்த பேட்டிக்காக ஒருமுறை பார்க்கலாம்.

தொடங்க வேண்டியது ‘மான்டரே பாப்’ (1968). லாரல் கேன்யன் குழுக்களும் பாடிய, 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரேயில் மூன்று நாள் நடந்த இசை விழாவை டி. ஏ. பென்னிபேக்கர் குழுவினர் 16 எம்எம் கேமராக்களில் எடுத்தது. 79 நிமிடந்தான். வர்ணனை கிடையாது, வயதானவர்கள் உட்கார்ந்து நினைவுகூரும் காட்சி கிடையாது. பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பாடும்போது, கூட்டத்தில் இருக்கும் ‘மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ்’ குழுப் பாடகி காஸ் எலியட்டின் முகத்தைக் கவனியுங்கள். ஜாப்ளின் எப்படிப் பாடினார் என்பதை எந்த விமர்சகரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் படத்தின் வரிசை விழாவின் வரிசை அல்ல. கடைசிக் கால் மணி நேரத்துக்கு மேல் ரவிசங்கரின் சிதாரும் அல்லா ரக்காவின் தபலாவும்தான் என்பதால், அவர்தான் விழாவை முடித்துவைத்தார் என்று தோன்றும். உண்மையில் அவர் வாசித்தது ஞாயிறு மதியம், கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது அன்றிரவு.

அடுத்து ‘தி ரெக்கிங் க்ரூ’. பிரபல குழுக்களின் இசைத்தட்டுகளில் பெயர் வராமல் வாசித்துக் கொடுத்த ஸ்டுடியோ கலைஞர்களைப் பற்றியது. இதைத் தவிர்க்கவே கூடாது. கிட்டார் கலைஞர் டாமி டெடெஸ்கோவின் மகன் டென்னி எடுத்த படம். 2008-லேயே விழாக்களில் காட்டினார்கள், தியேட்டருக்கு வந்ததோ 2015-ல். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு உரிமைப் பணம் கட்டி முடிக்க அத்தனை காலம். இதைப் பார்த்த பிறகு மற்ற படங்களின் பழைய டிவி காட்சிகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டில் திரையில் டிரம்ஸ் அடிப்பவர் பேர்ட்ஸ் குழுவின் மைக்கேல் கிளார்க். 1965 இசைத்தட்டில் அடித்தவர் ஸ்டுடியோ கலைஞர் ஹால் பிளேன். அந்தப் பதிவில் குழுவினரில் வாத்தியம் வாசித்தது ரோஜர் மெக்வின் ஒருவர்தான், அவருடைய 12 கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாரில். அன்றைய டிவி நிகழ்ச்சிகளில் நிறைய வாயசைப்பு. எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வயர் எதுவும் போகவில்லை, டிரம்ஸ் பக்கத்தில் மைக் இல்லை என்றால் இசைத்தட்டைத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, அலிசன் எல்வுட்டின் ‘லாரல் கேன்யன்: எ ப்ளேஸ் இன் டைம்’ (2020), இரண்டு பாகம். பேசுகிறவர்களின் இன்றைய முகத்தை அநேகமாகக் காட்டாமல், குரலை மட்டும் பழைய படங்களின் மேல் ஓட்டியிருப்பார். அந்த ஊர்க்காரரான ஹென்றி டில்ட்ஸ் எடுத்த புகைப்படங்களே பாதிப் படத்தைத் தாங்குகின்றன. சங்கடம் என்னவென்றால், யார் பேசுகிறார் என்பது சட்டென்று பிடிபடாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டால் பெயரும் பல இடங்களில் வரக்கூடும்.

இனி கருவி விஷயம். டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவை வழவழப்பாக்குவது), ஒலிக்கான ‘நைட் மோடு’, பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு மூன்றையும் அணையுங்கள். முதலாவது 16 எம்எம் படத்தை சீரியல் மாதிரி ஆக்கிவிடும்; மற்ற இரண்டும் பாஸையும் டிரம்ஸையும் நசுக்கிவிடும். பழைய காட்சிகளில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை இழுத்து நிரப்பியிருக்கிறது என்று பொருள்.

பழைய PAL (இந்தியா, ஐரோப்பாவின் டிவி முறை) டிவிடியில் பார்த்தால் இன்னொரு வம்பு. விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவதால் 79 நிமிடம் 76-க்குச் சுருங்கும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு செமிடோனில் (கிட்டாரில் ஒரு ஃபிரெட்) ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். கிட்டாரை வைத்துக்கொண்டு கூட வாசித்துப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. யூடியூபில் திருட்டுத்தனமாக ஏற்றியவை இன்னும் மோசம்: காப்புரிமையில் சிக்காமலிருக்கச் சுருதியை மாற்றி, படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடுவார்கள். குழுவில் எல்லோருமே இடதுகைக்காரர்களாகத் தெரிந்தால் மூடிவிடுங்கள். ஹென்ட்ரிக்ஸை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், அவர் நிஜமாகவே இடதுகை.

இவை பிடித்துப்போய் 70களுக்கு நகர விரும்பினால், அதே எல்வுட் 2013-ல் எடுத்த ‘ஹிஸ்டரி ஆஃப் தி ஈகிள்ஸ்’ இருக்கிறது. பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போன இருவர் தனிக்குழு கட்டி, 1980-ல் அடித்துக்கொண்டு பிரிந்த கதை முதல் பாகத்திலேயே முடிந்துவிடும். இரண்டாம் பாகம் தீவிர ரசிகர்களுக்கு மட்டும்.