ஊசி போடாத டாக்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவப் படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இப்போது மாநகராட்சியின் சுகாதாரத் துறையில் சேர ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. எனக்கு ஆசைதான், வீட்டில் சம்மதமில்லை. “ஊசி போடாத டாக்டரை யார் டாக்டர் என்று சொல்வார்கள்?” என்கிறார் அப்பா. என் பேராசிரியர் ஒருவரும், ஃபைல் பார்த்தே காலம் போய்விடும் என்றார். நோயாளி பிழைத்து எழுந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு நகரத்துக்கே வைத்தியம் பார்த்தால், அது பலித்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு வாழ்நாளைக் கொடுக்கத் தகுந்த வேலைதானா இது?

எம்.

அன்புள்ள எம்.,

தகுந்த வேலைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ‘பலித்ததா என்று எப்படித் தெரியும்’ என்ற உங்கள் கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி. அதற்கு உங்கள் மனதுக்குள் பதில் கிடைத்தால் மட்டும் போதாது. மேயருக்கும் ஊருக்கும் பதில் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த சாரா ஜோசஃபின் பேக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது அப்பாவும் தம்பியும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அப்பாவைக் கொண்டுபோனது டைபாய்டு. பேக்கர் 1898-இல் மருத்துவப் படிப்பை முடித்தார். சொந்தமாக கிளினிக் வைத்துப் பார்த்தார், வருமானம் கட்டுப்படியாகவில்லை. 1901-இல் நகர சுகாதாரத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். பெரிய லட்சியத்தோடு போய்ச் சேரவில்லை, சம்பளத்துக்காகத்தான் போனார். எனக்கு இது பிடித்திருக்கிறது. அழைப்பு எங்கிருந்தோ வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குள் போன பிறகும் அது பிடிபடலாம்.

1908 கோடையில் அவர் செய்ததைத்தான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல நினைத்தேன். அந்தக் காலத்தில் வெயில் ஏற ஏற வயிற்றுப்போக்கில் கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் சாகும். கெட்டுப்போன பால் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பேக்கர் லோயர் ஈஸ்ட் சைடில் நெருக்கடியான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை என்பதால், பள்ளிச் செவிலியர் முப்பது பேர் அவருக்குக் கிடைத்தார்கள். பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து புதிதாகப் பிறந்த குழந்தைகளின் பெயரையும் முகவரியையும் உடனுக்குடன் வாங்கி, செவிலியரை வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தார்கள். தாய்ப்பால் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தினமும் குளிப்பாட்டுங்கள், வெயிலுக்கு மெல்லிய துணி போதும். இவ்வளவுதான் சொன்னார்கள். மாத்திரை இல்லை, ஊசியும் இல்லை. கோடை முடிந்து கணக்குப் பார்த்தால், முந்தைய கோடையைவிட அந்தப் பகுதியில் 1,200 மரணங்கள் குறைந்திருந்தன. மற்ற பகுதிகளில் அப்படிக் குறையவில்லை.

அந்த 1,200 பேரில் எவரையும் கைகாட்டி ‘இந்தக் குழந்தையை நான் காப்பாற்றினேன்’ என்று பேக்கரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பக்கத்துப் பகுதியின் கணக்கு கையில் இருந்ததால் யாரும் மறுக்கவும் முடியவில்லை. குழந்தைகள் நலனுக்கென்றே ஒரு தனிப் பிரிவை நகரம் தொடங்கி, அவரைத் தலைவராக்கியது. ஃபைல் பார்த்தே காலம் போய்விடும் என்றாரே உங்கள் பேராசிரியர், அந்தப் பிறப்புப் பதிவேடும் ஒரு ஃபைல்தான்.

அப்புறம் வந்ததெல்லாம் சுகமாக இருக்கவில்லை. அவருக்குக் கீழே நியமிக்கப்பட்ட ஆறு ஆண் டாக்டர்களும் ஒரு பெண்ணுக்குக் கீழ் வேலை பார்க்க மாட்டோம் என்று ராஜினாமா கொடுத்தார்கள். ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிறகும் பிடிக்கவில்லை என்றால் போகலாம் என்றார். மாதம் முடிந்தது, ஒருவரும் போகவில்லை. இன்னொரு முறை, முப்பதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் மேயருக்கு மனுப் போட்டார்கள். இந்தப் பிரிவு குழந்தைகளை நோயில்லாமல் வைத்திருப்பதால் எங்கள் தொழில் கெடுகிறது என்று புகார்! பேக்கர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் செய்தவற்றில் என் மனதில் மிகவும் நிற்பது ஒரு சின்னப் பொருள். பிரசவத்தின்போது தொற்று ஏறிக் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து இருந்தது. ஆனால் பாட்டிலைத் திறந்து திறந்து மூடும்போது தண்ணீர் ஆவியாகி மருந்தின் காரம் ஏறிவிடும், அழுக்கும் சேரும். காப்பாற்ற வேண்டிய மருந்தே கண்ணைக் கெடுக்கும். அதனால் ஒரு கண்ணுக்கு வேண்டிய அளவு மட்டும் அடைத்த தேன்மெழுகுக் குப்பிகளை மருத்துவச்சிகள் கையில் கிடைக்கச் செய்தார். நகர சுகாதார அதிகாரியின் மூளை இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். மருந்து சரியா என்பதோடு நிற்காமல், அது கடைசிக் கைக்குப் போய்ச் சேரும்போதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1907-இல் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்ணைப் பிடிக்கப் போலீஸோடு போனவரும் இதே பேக்கர்தான். மேரி தனக்கு நோயே இல்லை என்று நம்பினார், ஆனால் டைபாய்டுக் கிருமி அவர் உடலில் இருந்தது, அவர் சமைத்த உணவு வழியே மற்றவர்களுக்குப் பரவியது. முரண்டு பிடித்த அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, வழி முழுக்க அவர் மேல் உட்கார்ந்தே போனார் பேக்கர். நகரத்தை ஒட்டிய நார்த் பிரதர் என்ற தீவில் அடைக்கப்பட்ட மேரியை 1910-இல் விடுவித்தார்கள், மறுபடி சமையல் வேலைக்குப் போனதால் 1915-இல் திரும்பவும் அடைத்தார்கள். 1938-இல் சாகும்வரை அந்தத் தீவில்தான் இருந்தார். எந்தக் குற்றத்துக்கும் அவர்மேல் வழக்கு நடக்கவில்லை. மற்றவர்களைக் காக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சமையலைத் தவிர வேறொரு பிழைப்பை அந்தப் பெண்ணுக்கு உறுதியாக அமைத்துக் கொடுத்திருந்தால் அந்த இரண்டாம் சிறை வந்திருக்குமா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் போகும் நாற்காலியிலும் இந்த அதிகாரம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்த மனிதர் நாளை எதை வைத்துப் பிழைப்பார் என்று கேளுங்கள்.

பேக்கர் பல மேயர்களைப் பார்த்தார். 1923-இல்தான் ஓய்வு பெற்றார். மேயர்கள் வந்து போனார்கள், அவர் தொடங்கிய பிரிவு நின்றது.

அப்பாவிடம் இதையெல்லாம் வாதாட வேண்டாம், 1908 கோடையை மட்டும் சொல்லிப் பாருங்கள். பணியில் சேர்ந்தால் முதல் வாரமே பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருக்கும் அறைக்குப் போங்கள். நேற்றுப் பிறந்த குழந்தையின் பெயர் எத்தனை நாளில் அங்கே வந்து சேர்கிறது என்று விசாரியுங்கள். அதை எனக்கும் எழுதுங்கள்.