பைலட் லைசென்ஸ் எடுத்தவர்கள் ஏன் பறப்பதை விட்டுவிடுகிறார்கள்?

லைசென்ஸ் இருந்தும் மாமா ஏன் நம் தென்னாப்பிரிக்க டர்பனின் வர்ஜீனியா விமான நிலையப் பக்கமே போவதில்லை என்று சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தம்பி. காசுதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தால் மணிக்கணக்கில் கட்டணம். உதிரிபாகத்துக்கு டாலர் விலை. ராண்டின் மதிப்பு சரிந்தால் வாடகையும் ஏறும்.

என் கணிப்பில், இலக்கு தீர்ந்துபோவதுதான் பெரிய காரணம். பயிற்சியில் அடுத்த பாடம், அடுத்த தேர்வு, அதட்ட ஒரு பயிற்றுநர் என்று ஓடும். லைசென்ஸ் வந்ததும் எங்கே போவதென்று நாமே யோசிக்க வேண்டும். கடலோரமாக பாலிட்டோ வரை ஒரு சுற்று. அடுத்த மாதமும் அதே சுற்று. வீட்டம்மாவுக்கு ஒரே சுற்றில் ஆசை தீர்ந்திருக்கும்!

பிறகு இடைவெளி விழும். ஆளை ஏற்றிப் பறக்க, முந்தைய 90 நாளில் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். அது தவறினால் தனியாகவோ பயிற்றுநரோடோ போய்ச் சரிசெய்யலாம், கஷ்டமில்லை. ஆனால் பழக்கம் விட்ட கைக்குக் குறுக்குக் காற்றில் இறக்கப் பயம் வரும். பயந்தால் தள்ளிப்போடுவோம், தள்ளிப்போட்டால் பயம் கூடும். வெளியே சொல்வது மட்டும் "வேலை அதிகம்."

தொடர்கிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை. சிலர் கூட்டாக விமானம் வாங்குகிறார்கள். சிலர் இரவுப் பறத்தல் தகுதிக்குப் படிக்கிறார்கள். மாமாவைப் பயிற்றுநரோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய், டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கோடையென்றால் காலையிலேயே கிளம்பட்டும், பிற்பகலில் அந்தப் பக்கம் இடிமழை கட்டும்.