யாரைக் காப்பாற்றுவது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம் கடன் தாங்காமல் மூடப்பட்டபோது அரசாங்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய நிறுவனம் என்றால் மட்டும் பணத்தோடு ஓடி வருகிறார்கள். சுதந்திரச் சந்தை என்பது உண்மையானால், முழுகுகிறவன் முழுகட்டும் என்று விடுவதுதானே நேர்மை?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கோபம் நியாயமானது. வேலை போனவரின் வலி அதில் இருக்கிறது. ஆனால் ‘முழுகட்டும்’ என்று எழுதினீர்களே, அது உங்களுக்கு அழகில்லை. முழுகுவது முதலாளி மட்டுமா? 2009இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறிய நிறுவனங்களும் அதை நம்பித்தான் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரட்டும் என்பதைக் கொள்கை என்று சொல்லாதீர்கள்.

சுதந்திரச் சந்தை எங்காவது முழுமையாக இருக்கிறதா என்ற வாதத்தை விடுங்கள். கொஞ்ச நாளாக என்னை அரிப்பது வேறு. காப்பாற்றலாமா கூடாதா என்றே சண்டை போடுகிறோம். காப்பாற்றும்போது நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்பதே இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸை அமெரிக்க அரசு பணம் போட்டுக் காப்பாற்றியபோது பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கடன் பத்திரக்காரர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள். தொழிலாளர்களும் சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள். சரி, இப்போது ஏஐஜி என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வாருங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால். மறுநாளே ஏஐஜிக்கு அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. வீட்டுக்கடன் பத்திரங்கள் சரிந்தால் ஈடுகட்டுவதாக ஏஐஜி பெரிய வங்கிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. காப்பாற்ற ஆளில்லாமல் ஏஐஜி விழுந்திருந்தால் அந்த வங்கிகளின் பணம் முழுதாக வந்திருக்குமா? மக்கள் பணம் உள்ளே வந்ததும் பத்திரத்தின் முகமதிப்பு முழுவதும் கிடைத்தது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு மட்டும் 1,290 கோடி டாலர் போனது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கேட்டபோது, மற்றவர்களும் சம்மதித்தால் 2 சதவீதம் விட்டுத்தருகிறேன் என்றது யூபிஎஸ் என்ற சுவிஸ் வங்கி ஒன்றுதான். மற்றவர்கள் மசியவில்லை. ஃபெடரல் ரிசர்வும் அத்தோடு விட்டுவிட்டது. தொழிலாளியிடம் இத்தனை கறாராகப் பேசத் தெரிந்த அரசுக்கு, வங்கியிடம் 2 சதவீதம் வாங்கத் தெரியவில்லை! எனக்கு ஆறவே இல்லை.

ஏஐஜியில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பிவிட்டதே என்பார்கள். திரும்பியது உண்மைதான். அதனால் அன்று காட்டிய பாரபட்சம் சரியாகிவிடாது.

ஆகவே அடுத்த மீட்பு அறிவிப்பு வரும்போது தொகையைப் பார்த்துப் பொங்காதீர்கள். பங்குதாரர் எவ்வளவு இழந்தார், கடன் கொடுத்தவர் எவ்வளவு தள்ளுபடி செய்தார் என்று பாருங்கள். அப்புறம் ஒன்று. உங்கள் பாக்கிச் சம்பளம் வந்து சேர்ந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.